கிளப் ஆட்டக்காரர்களுக்கான டோர்னமெண்ட் செஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடமாக கிளப்பில் ஆடுகிறேன். முதல் முறை போட்டிக்குப் போகிறவர்களுக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். சுற்று தொடங்குவதற்கு முன் அவர்கள் கேட்கிற கேள்விகளும், தோற்றுவிட்டு வெளியே வந்து கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் மாறுவதே இல்லை. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். விதி என்று சொல்வதெல்லாம் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கிளாசிக்கல் ஆட்ட விதிகள். ரேபிட், பிளிட்ஸ் என்கிற குறைந்த நேர ஆட்டங்களில் சில மாறும். போட்டிக்கென்று தனி அறிவிப்பு இருந்தால் அதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஆன்லைன்ல நல்லாத்தான் ஆடுறேன். டோர்னமெண்ட்ல உட்கார்ந்து ஆடுறதுல அப்படி என்ன வித்தியாசம்?

ஆன்லைனில் பாதி வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது. தப்பான நகர்த்தலை அது ஏற்காது. ஒரே நிலை மூன்று முறை வந்ததா என்று எண்ணும், கடிகாரத்தைத் தானே மாற்றும், நகர்த்தல்களையும் எழுதி வைக்கும். பலகையில் இவை எல்லாம் உங்கள் பொறுப்பு. கேட்காவிட்டால் டிரா கிடைக்காது, அமுக்காவிட்டால் உங்கள் நேரம்தான் ஓடும்.

இன்னொன்று நீளம். ஐந்து நிமிட ஆட்டத்துக்குப் பழகிய மனது நாலு மணி நேர ஆட்டத்தில் இரண்டாவது மணி நேரத்திலேயே களைத்துவிடும். கிளப் அளவில் பெரிய தவறுகள் அந்தக் களைப்பில்தான் வருகின்றன.

"90+30"னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?

ஒவ்வொருவருக்கும் 90 நிமிடம். முதல் நகர்த்தலில் இருந்தே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடும். ஆட்டம் 40 நகர்த்தல் போனால் உங்களுக்குக் கிடைத்த மொத்த நேரம் 110 நிமிடம், 60 நகர்த்தல் போனால் 120 நிமிடம். அதாவது இருவருக்கும் சேர்த்து நாலு மணி நேரம்.

காயை எந்தக் கையால் நகர்த்தினீர்களோ அதே கையால்தான் கடிகாரத்தை அமுக்க வேண்டும். வலது கையால் காய், இடது கையால் கடிகாரம் என்பது கூடாது. கடிகாரத்தின் மேலேயே கையை வைத்துக்கொண்டு காத்திருப்பதும் கூடாது.

கொஞ்சம் லேட்டாப் போனா என்ன ஆகும்? போனை ஆஃப் பண்ணி பையில வச்சுக்கலாமா?

எவ்வளவு தாமதம் வரை பொறுப்பார்கள் என்பதைப் போட்டி அறிவிப்பில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அது பூஜ்யம். சுற்று தொடங்கும்போது நீங்கள் பலகை முன்னால் இல்லையென்றால் ஆட்டம் போய்விடும்.

போன் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நடுவர் அனுமதிக்காத எந்த மின்னணுக் கருவியும் ஆடும் இடத்தில் உங்களிடம் இருக்கக் கூடாது. ஸ்மார்ட் வாட்ச்சும் இதில் சேரும். முழுக்க அணைத்துப் பையில் வைக்கலாம் என்று சில போட்டிகளில் அனுமதிப்பார்கள், அப்போதும் பை எங்கே இருக்க வேண்டும் என்று நடுவரிடம் கேட்டு வைக்கவும். சட்டைப் பையில் இருந்தது தெரிந்தாலே ஆட்டம் தோல்வி. அது மணி அடித்ததா இல்லையா என்பது கணக்கில்லை.

நகர்த்தலை எழுதியே ஆகணுமா? எப்படி எழுதுறது?

கட்டாயம் எழுத வேண்டும். வெள்ளையின் இடப்பக்கத்தில் இருந்து நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, வெள்ளையின் பக்கத்தில் இருந்து கிடைவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். காயின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தையும் அது போய்ச் சேர்ந்த கட்டத்தையும் எழுதினால் போதும். சிப்பாய்க்கு எழுத்து கிடையாது, ஈ4 என்றால் சிப்பாய் ஈ4-க்குப் போனது என்று அர்த்தம். ராஜா 'கே' எழுத்தை எடுத்துக்கொண்டதால் குதிரைக்கு 'என்'.

பலர் செய்யும் தப்பு, நகர்த்தலை முதலில் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு காயை எடுப்பது. அது விதிக்குப் புறம்பு. முதலில் காய், பிறகு எழுத்து. டிரா கோரும்போது மட்டும் இது தலைகீழாகும், அதைக் கீழே சொல்கிறேன். எதிராளியின் நகர்த்தலை எழுதாமலேயே பதில் நகர்த்தல் வைக்கலாம், ஆனால் அடுத்த நகர்த்தலுக்கு முன் விட்டதை எழுதிவிட வேண்டும். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் எழுத வேண்டாம் என்ற சலுகை, 30 வினாடியோ அதற்கு மேலோ கூடுகிற ஆட்டத்தில் கிடையாது. ஆகவே 90+30-இல் கடைசி வரை எழுத வேண்டும்.

கை தெரியாம ஒரு காய்ல பட்டுடுச்சு. அதைத்தான் நகர்த்தணுமா?

தெரியாமல் முழங்கை பட்டால் அது தொட்டதாகாது. நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டால்தான் 'தொட்டால் நகர்த்து' விதி வரும். உங்கள் காயைத் தொட்டால் அதை நகர்த்த வேண்டும், எதிராளியின் காயைத் தொட்டால் அதை வெட்ட வேண்டும். அதற்கு முறையான வழி எதுவும் இல்லையென்றால் மட்டும் வேறு காயை எடுக்கலாம். கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் நகர்த்தல் முடிவானது.

காய் சாய்ந்திருக்கிறது, நேராக வைக்க வேண்டும் என்றால் உங்கள் முறை வரும்போது, தொடுவதற்கு முன், 'அட்ஜஸ்ட்' என்று எதிராளிக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது.

எதிராளி தொட்டுவிட்டு வேறு காயை நகர்த்தினால் என்ன செய்வது என்பதும் இதோடு சேர்த்துக் கேட்கப்படும். உடனே கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள். அடுத்த நகர்த்தலுக்காக நீங்கள் ஒரு காயைத் தொட்டுவிட்டால் அந்தப் புகாரைச் சொல்லும் உரிமை போய்விடும்.

காஸ்லிங் பண்றப்ப யானையை முதல்ல எடுக்கலாமா? யானை மேல தாக்குதல் இருந்தா காஸ்லிங் பண்ணலாமா?

காஸ்லிங் என்பது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது. அதில் ராஜாவைத்தான் முதலில் எடுக்க வேண்டும், இரண்டு காய்களையும் ஒரே கையால் நகர்த்த வேண்டும். யானையை முதலில் தொட்டால் அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையை நகர்த்தியாக வேண்டும். ஆன்லைன் பழக்கத்தில் வருகிறவர்கள் இதில் நிறைய மாட்டுகிறார்கள்.

யானை தாக்கப்பட்டிருந்தால் காஸ்லிங் பண்ணலாம். ராஜாவுக்கு செக் இருக்கக் கூடாது, ராஜா கடந்து போகும் கட்டமும் போய் நிற்கும் கட்டமும் தாக்குதலில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ராணி பக்கக் காஸ்லிங்கில் யானை மட்டும் கடக்கிற பி1 கட்டம் தாக்கப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. இந்தச் சந்தேகம் வந்ததற்காக யாரும் கூச்சப்பட வேண்டாம். 1974-இல் கார்ப்போவுடன் ஆடிய கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இறுதி ஆட்டத் தொடரில், தாக்கப்பட்ட யானையோடு காஸ்லிங் பண்ணலாமா என்று கிராண்ட்மாஸ்டர் கோர்ச்னாயே நடுவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் ஆடினார்.

ஓப்பனிங் எத்தனை நகர்த்தல் மனப்பாடம் பண்ணிட்டுப் போகணும்?

எண்ணிக்கை முக்கியமில்லை, ஏன் என்று தெரிந்த நகர்த்தல்கள்தான் கை கொடுக்கும். ஓர் உதாரணம்: 1. ஈ4 ஈ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. பிஷப் சி4, குதிரை எஃப்6 4. குதிரை ஜி5. இப்போது வெள்ளையின் பிஷப்பும் குதிரையும் எஃப்7 சிப்பாயைக் குறி வைக்கின்றன. கருப்பு டி5 என்று பிஷப்பின் வழியை அடைக்கிறது, வெள்ளை சிப்பாய் அதை வெட்டுகிறது. குதிரையால் திரும்ப வெட்டினால் சிப்பாய் கணக்குச் சரியாகிவிடுமே என்று தோன்றும். ஆனால் வெள்ளைக் குதிரை எஃப்7-இல் தன்னைக் கொடுத்து, ராஜா வெட்டியதும், ராணி எஃப்3-இல் செக் வைக்கும். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா ஈ6-க்கு, பலகையின் நடுவுக்கே, வர வேண்டியிருக்கும். அதனால்தான் 5-ஆவது நகர்த்தலில் குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் முதலில் பிஷப்பை விரட்டுவதை அதிகம் ஆடுகிறார்கள்.

இந்தக் காரணம் தெரிந்தவர் நகர்த்தலை மறந்தாலும் யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார். வெள்ளைக்கு ஒரு தொடக்கம், கருப்பில் ஈ4-க்கு ஒன்று, டி4-க்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்து நகர்த்தல் காரணத்தோடு தெரிந்தால் கிளப் ஆட்டத்துக்குத் தாராளம்.

நல்ல நிலைமையில இருக்கேன், திடீர்னு ஒரு காயை விட்டுடுறேன். இதுக்கு என்னதான் வழி?

எல்லாக் கேள்வியிலும் எனக்கு முக்கியமானது இதுதான். கிளப் அளவில் பெரும்பாலான ஆட்டங்கள் ஆழமான திட்டத்தால் முடிவதில்லை. எதிராளி கடைசியாக வைத்த நகர்த்தல் என்ன செய்கிறது என்று ஒருவர் பார்க்காமல் விடுவதில் முடிகின்றன.

என் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வெள்ளை. ராஜா ஜி1-இல், முன்னால் எஃப்2, ஜி2, எச்2 சிப்பாய்கள், எஃப்3-இல் குதிரை. எதிராளியின் பிஷப் பி7-இல் இருந்தது. அவர் ராணியை சி7-இல் இருந்து சி6-க்கு ஒரு கட்டம் நகர்த்தினார். எனக்கு உடனே கண்ணில் பட்டது, குதிரை ஈ5-க்குப் போனால் அந்த ராணியைத் தாக்கலாம் என்பது. நடுப்பலகையில் குதிரை, ராணி ஓட வேண்டும், எனக்கு ஒரு நகர்த்தல் லாபம். குதிரையை எடுத்து வைத்துவிட்டேன். ராணி ஜி2-இல் வெட்டி செக்மேட். சி6 ராணியும் பி7 பிஷப்பும் ஒரே மூலைக்கோட்டில் ஜி2-ஐப் பார்த்துக்கொண்டிருந்தன, நடுவில் அடைத்து நின்றது என் குதிரை ஒன்றுதான். மூன்று மணி நேர உழைப்பு அதோடு முடிந்தது.

அந்த ராணி ஏன் சி6-க்கு வந்தது என்று நான் கேட்டிருந்தால் பதில் பத்து வினாடியில் கிடைத்திருக்கும். அன்றிலிருந்து ஒரு வரிசை வைத்திருக்கிறேன். எதிராளி நகர்த்தியதும் முதலில் அதை எழுதுவேன். எழுதும் நேரத்தில் அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது, எதை விட்டு வந்தது, எந்தக் கோட்டைத் திறந்தது என்று பார்ப்பேன். என் நகர்த்தலை முடிவு செய்த பிறகு, அதை வைத்தால் அவருக்கு என்ன செக் இருக்கிறது, என்ன வெட்டு இருக்கிறது என்று இன்னொரு முறை. அதுவரை இரண்டு கையும் மடியில்தான். காயைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தால், மேலே சொன்ன தொட்ட விதியால், தப்பு தெரிந்தாலும் திரும்ப முடியாது.

நேரத்தை எப்படிப் பிரிச்சுச் செலவு பண்றது?

மேலே சொன்ன கணக்குப்படி 40 நகர்த்தலுக்கு 110 நிமிடம், சராசரியாக ஒன்றுக்கு 2 நிமிடம் 45 வினாடி. ஆனால் சராசரிப்படி யாரும் ஆட வேண்டியதில்லை. தெரிந்த தொடக்கத்தை வேகமாக ஆடி, காய்கள் மோதும் இடத்தில் ஒரே நகர்த்தலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டாலும் தகும். 20-ஆவது நகர்த்தலில் கையில் 40 நிமிடமாவது இருக்கட்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு.

எதிராளிக்கு நேரம் குறைந்தவுடன் நீங்களும் வேகமாக ஆடுவதுதான் பெரிய ஆபத்து. நேர நெருக்கடி அவருக்கு, உங்களுக்கு இல்லை. உங்கள் நேரத்தை எடுத்து நிதானமாக ஆடுங்கள்.

டிரா எப்போ கேட்கணும்? எதிராளி திரும்பத் திரும்பக் கேட்டுட்டே இருந்தா?

நகர்த்தலை வைத்துவிட்டு, கடிகாரத்தை அமுக்குவதற்கு முன் கேட்க வேண்டும். கேட்ட பிறகு திரும்பப் பெற முடியாது. எதிராளி ஏற்றுக்கொள்ளலாம், வாயால் மறுக்கலாம், அல்லது நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டாலே மறுத்ததாகும். டிரா கேட்டதை இருவரும் தாளில் சமக்குறி போட்டுக் குறித்துக்கொள்வது முறை.

காரணமில்லாமல் மறுபடி மறுபடி கேட்பது தொந்தரவு செய்வதில் சேரும். அவரோடு வாதாட வேண்டாம், நடுவரிடம் சொல்லுங்கள். மேஜையைத் தட்டுவது, முணுமுணுப்பது போன்றவற்றுக்கும் இதே வழிதான்.

என்னைவிட ரேட்டிங் அதிகமா உள்ளவர் டிரா கேட்டார். ஒத்துக்கலாமா?

பெயரையும், பலத்தைக் காட்டும் அந்த ரேட்டிங் எண்ணையும் ஒரு நிமிடம் மறந்துவிட்டுப் பலகையைப் பாருங்கள். பலமானவர் தானாக டிரா கேட்கிறார் என்றால், பெரும்பாலும் தன் நிலைமை அவருக்குப் பிடிக்கவில்லை. உங்கள் பக்கம் நன்றாக இருந்து, நேரமும் இருந்தால், ஆடுங்கள். தோற்றாலும் அந்த ஆட்டத்தில் கற்றுக்கொள்வது அரைப் புள்ளியைவிடப் பெரிது. நிலைமை நிஜமாகவே சமமாக இருந்து, நேரம் குறைவாகவும் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

ஒரு காய் போயிடுச்சு. எப்ப ரிசைன் பண்றது மரியாதை?

தொடர்ந்து ஆடுவது அவமரியாதை இல்லை. கிளப் ஆட்டத்தில் ஒரு பிஷப் அதிகமாக வைத்திருப்பவரும் தடுமாறுவார். எதிராளியிடம் தவறு வர வாய்ப்பு இருக்கிறதா, அவர் கடிகாரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தனி ராஜாவாக நின்றாலும் ஸ்டேல்மேட் இருக்கிறது. கருப்பு ராஜா எச்8-இல், வெள்ளை ராணி ஜி6-இல், கருப்புக்கு நகர்த்த வேறு காய் இல்லை, முறை கருப்புடையது. செக் இல்லை, போக இடமும் இல்லை, ஆட்டம் டிரா. அவசரத்தில் ராணியை அந்தக் கட்டத்தில் வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதிராளிக்கு நேரமும் இருந்து, ஜெயிக்கும் வழியும் அவருக்குத் தெரிகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டால், கடிகாரத்தை நிறுத்திக் கை கொடுங்கள்.

கடைசியில எனக்கு ஒரு சிப்பாய் கூட இருந்துச்சு. ஆனா டிரா ஆயிடுச்சு, எப்படி?

ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்பதில் இருக்கிறது விஷயம். வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் ஈ4, கருப்பு ராஜா ஈ7. முறை வெள்ளையுடையது என்றால் டிரா. வெள்ளை ராஜா எந்தப் பக்கம் போனாலும் கருப்பு ராஜா அதே பக்கம் போய் எதிரே நிற்கும். முறை கருப்புடையது என்றால் வெள்ளைக்கு வெற்றி. கருப்பு ஒதுங்க வேண்டியிருக்கும், வெள்ளை ராஜா மறுபக்கம் முன்னேறிச் சிப்பாய்க்கு வழி செய்யும்.

காய்கள் ஒன்றுகூட மாறவில்லை, முறை மட்டுமே அரைப் புள்ளியைத் தீர்மானிக்கிறது. ஒரு நண்பரோடு உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறி இருபது தடவை ஆடிப் பாருங்கள். ஓப்பனிங் படிக்கும் நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்தாலே பலன் தெரியும்.

முதல் சுற்றுலயே ரொம்பப் பெரிய ஆளோட போட்டுட்டாங்க. இது நியாயமா?

பெரும்பாலான திறந்த போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. 1895-இல் சூரிச்சில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட முறை அது. எல்லோரையும் ரேட்டிங் வரிசையில் நிறுத்தி, மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு மோத விடுவார்கள். 40 பேர் என்றால் முதலாமவர் 21-ஆமவரோடு. அடுத்த சுற்றில் இருந்து கூடியவரை ஒரே புள்ளி உள்ளவர்கள் மோதுவார்கள். அதனால் முதல் சுற்றில் தோற்றவருக்கு இரண்டாம் சுற்றில் தன் பலத்துக்கு நெருக்கமான ஆள் வருவார். ஒரே எதிராளி இரண்டு முறை வரமாட்டார்.

ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவருக்கு 'பை' கிடைக்கும், ஆடாமலே புள்ளி. அது ஒருவருக்கு ஒரு முறைக்கு மேல் தரப்படாது.

ரேட்டிங் எப்படிக் கூடுது, குறையுது? ஆன்லைன்ல 1700 இருக்கேனே?

ஆன்லைன் எண்ணையும் ஃபிடே எண்ணையும் ஒப்பிட முடியாது. ஆடும் கூட்டமும் கணக்கும் வேறு. ஃபிடே 1970-இல் அர்பாட் எலோ உருவாக்கிய முறையை எடுத்துக்கொண்டது. அதன்படி சமமான இருவருக்கு எதிர்பார்ப்பு பாதிப் பாதி. உங்களைவிட 200 அதிகமானவர் எதிரே இருந்தால் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளி. வாங்கிய புள்ளியில் இருந்து இதைக் கழித்து, 'கே' என்ற எண்ணால் பெருக்க வேண்டும். கே 20 என்று வைத்துக்கொண்டால், ஜெயித்தால் 15.2 கூடும், டிரா செய்தால் 5.2 கூடும், தோற்றால் 4.8 மட்டுமே குறையும். புதியவர்களுக்கு கே 40, ஆகவே ஏற்ற இறக்கம் இரட்டிப்பாக இருக்கும்.

பலமானவரோடு ஆடுவதில் இழப்பு எவ்வளவு சின்னது என்று இந்தக் கணக்கே காட்டுகிறது. முதல் ரேட்டிங் கிடைக்க, ரேட்டிங் உள்ள 5 பேரோடாவது ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச் முதல் ஃபிடே பட்டியலின் கீழ் எல்லை 1400.

ஆட்டம் முடிஞ்சதும் என்ஜின்ல போட்டுப் பார்த்தாப் போதாதா?

ஆட்டத்தை அலசும் கணினி நிரலான என்ஜினை முதலில் திறக்க வேண்டாம். தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் நீங்கள் என்ன நினைத்தீர்கள், எதைப் பயந்தீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். எதிராளி இசைந்தால் அவரோடு உட்காருங்கள். ஆனால் ஆடும் அறைக்குள் வேண்டாம், அங்கே மற்றவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் எவ்வளவு வேறு என்பது ஆச்சரியமாக இருக்கும்.

அதன் பிறகு என்ஜின். அது எங்கே தப்பு என்று சொல்லும், ஏன் அந்தத் தப்பு வந்தது என்று உங்கள் குறிப்புதான் சொல்லும். ராணி சி6-க்கு வந்த என் ஆட்டத்தில் என்ஜின் ஒரு கேள்விக்குறி போட்டது. என் தாளில் 'ராணியைத் தாக்கலாம்' என்று நான் எழுதியிருந்த வரிதான் நோயைக் காட்டியது.

எதிராளி செக்கைக் கவனிக்காம வேற காயை நகர்த்திட்டார். நான் ராஜாவை வெட்டிடலாமா?

கூடாது. கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள். அவர் பழைய நிலைக்குக் காய்களைத் திருப்பி, உங்களுக்கு 2 நிமிடம் கூட்டித் தருவார். எதிராளி தான் நகர்த்திய அந்தக் காயாலேயே செக்கைத் தடுக்க முடிந்தால் அதைத்தான் நகர்த்த வேண்டும், இங்கேயும் தொட்ட விதி உண்டு. அதே ஆட்டத்தில் இரண்டாவது முறை செய்தால் அவருக்குத் தோல்வி.

நகர்த்தாமலே கடிகாரத்தை அமுக்குவதும், காஸ்லிங், வெட்டு, சிப்பாய் உயர்வு (கடைசிக் கட்டம் சேர்ந்த சிப்பாயை ராணி போன்ற காயாக மாற்றுவது) ஆகியவற்றை இரண்டு கையால் செய்துவிட்டு அமுக்குவதும் இதே கணக்கில் சேரும். இன்னொன்று: 'செக்' என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லவில்லை என்று புகார் செய்ய முடியாது.

சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போயிடுச்சு, பக்கத்துல ராணி இல்லை. யானையைத் தலைகீழா வைக்கலாமா?

வீட்டில் ஆடும்போது அப்படி வைப்போம். போட்டியில் தலைகீழாக வைத்த யானை யானைதான், ராணி ஆகாது. கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் ராணி கேட்டு வாங்கி வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். அதற்காக நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரே நிலை மூணு தடவை வந்துடுச்சு. டிராதானே?

தானாக ஆகாது, நீங்கள் கோர வேண்டும். மூன்று முறையும் காய்கள் அதே கட்டங்களில் இருப்பதோடு, முறை அதே ஆளுடையதாகவும், காஸ்லிங், இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயைச் சிப்பாயால் போகிற போக்கில் வெட்டுதல் ஆகிய உரிமைகள் மாறாமலும் இருக்க வேண்டும். அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. 20, 26, 35-ஆவது நகர்த்தல்களில் வந்தாலும் செல்லும்.

எதிராளியின் நகர்த்தலால் மூன்றாவது முறை வந்திருந்தால் காயைத் தொடாமல் நடுவரைக் கூப்பிடுங்கள். உங்கள் நகர்த்தலால் வரப்போகிறது என்றால் அதைப் பலகையில் வைக்காதீர்கள். தாளில் எழுதுங்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், நடுவரிடம் சொல்லுங்கள். முன்கூட்டி எழுதலாம் என்று நான் மேலே சொன்ன விலக்கு இதுதான். கோரிக்கை தப்பாக இருந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்த்தலையும் நீங்கள் ஆடியே ஆக வேண்டும். வெட்டும் சிப்பாய் நகர்த்தலும் இல்லாமல் இருவரும் 50 நகர்த்தல் ஆடினாலும் இதே முறையில் கோரலாம். யாரும் கோராவிட்டாலும் 5 முறை ஒரே நிலை வந்தாலோ, அப்படி 75 நகர்த்தல் போனாலோ ஆட்டம் டிரா.

எனக்கு நேரம் முடிஞ்சுடுச்சு. அவர்கிட்ட ஒரு குதிரை மட்டும்தான். டிரா இல்லையா?

உங்களிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எந்த வகையான முறையான நகர்த்தல்களாலும் அவரால் உங்களை மேட் செய்ய முடியாது என்றால்தான் டிரா. அவரிடம் தனி ராஜா மட்டும் என்றால் சந்தேகமே இல்லை, டிரா. ஆனால் அவரிடம் குதிரையும் உங்களிடம் ஒரு சிப்பாயும் இருந்தால் நீங்கள் தோற்றீர்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். உங்கள் கருப்பு ராஜா ஏ1-இல், உங்கள் சிப்பாய் ஏ2-இல், வெள்ளை ராஜா சி1-இல், குதிரை பி3-க்கு வருகிறது. பி1, பி2 கட்டங்களை வெள்ளை ராஜா பிடித்திருக்கிறது, ஏ2-ஐ உங்கள் சிப்பாயே அடைத்திருக்கிறது. மேட். நீங்கள் அப்படி ஆடியிருக்கவே மாட்டீர்கள் என்பது உண்மைதான், ஆனால் விதி கேட்பது முடியுமா முடியாதா என்பதை மட்டும்.

கொடி விழுந்ததை, அதாவது நேரம் முடிஞ்சதை, பக்கத்துல நின்ன என் நண்பர் பார்த்துச் சொல்லலாமா?

கூடாது. பார்வையாளர் ஆட்டத்தில் எதையும் சுட்டிக்காட்டக் கூடாது. விதிமீறல் ஏதாவது கண்ணில் பட்டால் நடுவரிடம் மட்டும் சொல்லலாம். நேரம் முடிந்ததை நீங்களோ நடுவரோதான் கவனிக்க வேண்டும்.

கையெழுத்தெல்லாம் போட்டாச்சு. வீட்டுல தாளைப் பார்த்தா அவர் ஒரு தப்பான நகர்த்தல் வச்சிருக்கார். ரிசல்ட் மாறுமா?

மாறாது. விதிக்குப் புறம்பான நகர்த்தல் ஆட்டம் நடக்கும்போது தெரிந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆட்டம் முடிந்த பிறகு முடிவு அப்படியே நிற்கும்.

இதைவிட அடிக்கடி நடப்பது, தாளில் முடிவைத் தப்பாக எழுதிக் கையெழுத்துப் போடுவது. வெள்ளையில் ஜெயித்தவர் களைப்பில் 0-1 என்று எழுதிவிடுவார். இருவரும் கையெழுத்துப் போட்டால், நடுவர் வேறு மாதிரி முடிவு செய்யாத வரை, அந்தத் தப்பான முடிவே நிற்கும். பேனாவை மூடுவதற்கு முன் இரண்டு தாளிலும் எந்தப் பெயருக்கு நேரே எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள், எதிராளியையும் பார்க்கச் சொல்லுங்கள்.